ஒரு பாயிண்ட் குத்து

"தோளால குத்தாதே ஒல்லி! இடுப்பைத் திருப்பு, கை தானா வரும்" என்று அதட்டினார் பயிற்சியாளர்.

ஒல்லி மறுபடி குத்தினாள். அவர் மாட்டியிருந்த மார்புக் கவசம் தொப்பென்றது.

"சத்தம் பத்தலை. உதைக்குத்தான் மெஷின் பாயிண்ட் போடும். குத்துக்கு நடுவருங்கதான் போடணும். அவங்க காதுல விழணும், எதிர்ல நிக்கறவ ஓரடி பின்னால போறது கண்ணுல படணும்."

"இவ்வளவு பாடுபட்டு ஒரே ஒரு பாயிண்ட்! தலையில உதைச்சா மூணு பாயிண்ட் மேடம். இந்த நீளக் காலை வச்சுக்கிட்டு நான் ஏன் கையால குத்திக்கிட்டு நிக்கணும்?"

"தலைக்குக் காலைத் தூக்கினே, அப்பவே மூட்டையைக் கட்டிடுவேன்."

ஒல்லிக்கு எரிச்சலாக வந்தது. முகத்தில் குத்தக் கூடாது என்பது டேக்வாண்டோ சட்டம். தலையில் உதைக்கக் கூடாது என்பது இந்த மேடம் போட்ட சட்டம்! ஆனாலும் மறுபடி குத்தத் தொடங்கினாள். மூன்று மாதத்துக்கு முன்பு தானாகத் தேடி வந்து, "அந்தச் சாம்பியனை நீ ஜெயிக்கணும். சொல்லித் தர்றேன், பீஸ் வேண்டாம்" என்றவர் ஆயிற்றே. இந்திய அணியில் இந்த எடைப் பிரிவுக்கு இருப்பது ஒரே இடம். அதற்கு மோதுவது ஒல்லியும் அந்தச் சாம்பியனும்தான். ஒல்லிக்கு இருபத்தாறு வயது. இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

"அவளுக்கும் உங்களுக்கும் அப்படி என்ன பகை மேடம்?"

"அவ அந்த அணியில போகக் கூடாது. அவ்வளவுதான்."

போட்டி நாளன்று சாம்பியன் களத்துக்குள் வந்ததும் பயிற்சியாளரை முறைத்தாள். பிறகு வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரிய பகைதான் போலிருக்கிறது என்று ஒல்லி நினைத்துக்கொண்டாள்.

குத்து நன்றாகவே வேலை செய்தது. சாம்பியன் காலைத் தூக்கும்போதெல்லாம் ஒல்லி உள்ளே புகுந்து நெஞ்சில் ஒன்று வைத்தாள். முதல் இரண்டு சுற்றுகள் ஆளுக்கொன்றாகப் போயின. கடைசிச் சுற்றில் பத்து நொடி மிச்சம். ஒல்லிக்கு மூன்று, சாம்பியனுக்கு ஐந்து.

"குத்து! குத்து மட்டும்!" பயிற்சியாளரின் குரல் கிறீச்சிட்டது.

குத்தினால் நான்குதான் ஆகும். தோற்றுப்போய் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சாம்பியனுக்கு மூச்சு வாங்கியது. தலையை மறைத்திருந்த கை கொஞ்சம் இறங்கியது. அடப் போங்க மேடம் என்று ஒல்லியின் கால் எழுந்தது.

சாம்பியன் அப்படியே சரிந்தாள். பலகையில் மூன்று ஆறாக மாறியது. அரங்கம் அதிர்ந்தது. ஒல்லி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பயிற்சியாளரின் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

பயிற்சியாளர் களத்தின் நடுவில், சாம்பியனின் தலையை மடியில் போட்டுக்கொண்டு அலறிக்கொண்டிருந்தார்.

"தலையில இன்னொரு அடி பட்டா பொழைக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொன்னாரேடி... வேற எங்கயோ உடம்பு சரின்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்து நின்னியே, பெத்தவ பேச்சைக் கேட்டியா? கண்ணைத் தொறடி!"