நடுப்பெட்டியின் வாசல்

புருசன் ஸஜ்ஜாத் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யக் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, ஸாலிஹா ஹோலில் நின்ற ரயிலுக்குப் பின்னால் முழங்காலில் உட்கார்ந்தாள்.

ஹோலில் கதிரை, மேசை ஒன்றும் இல்லை. எல்லாம் குசினிக்குள் போய் மூன்று மாதம். சுவரிலிருந்து சுவர் வரைக்கும் ரயில்தான் வளைந்து நின்றது. முன்னால் மூன்று பயணிகள் பெட்டி, கடைசியில் கார்ட் பெட்டி.

உண்மையான ரயிலின் ஓர் அடிக்கு இதில் அரை அங்குலம் என்று கணக்கு. ஒரு பயணிகள் பெட்டியே இரண்டரை அடி நீளம்.

கடையில் வாங்கிப் பூட்டியது ஒன்றுமில்லை. ப்ளைவுட்டை அறுத்தது, பால்மா டின்னை வெட்டிக் கூரை போட்டது, சைக்கிள் கம்பியை வளைத்து வாசலுக்குக் கைப்பிடி வைத்தது, எல்லாம் ஸஜ்ஜாத்தான். சீட்டுகளுக்கு உறை தைத்தது மட்டும் அவள்.

மனுசனுக்கு இந்த வயதில் விளையாட்டுச் சாமான் கேட்கிறது என்று தெருவில் கதை. சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். இது விளையாட்டாக இருந்திருந்தால் அவள் இரண்டு ரக்அத் தொழுது நன்றி சொல்லியிருப்பாள்.

ஸஜ்ஜாத்துக்கு இருபத்தாறு வருடமாக ரயிலில் கார்ட் வேலை. வருடத் தொடக்கத்தில் ஒரு பகல், வளைவில் இருக்கிற ஒரு சின்ன ஸ்டேஷனில், கார்ட் ஜன்னலால் எட்டிப் பார்த்துப் பச்சைக் கொடியைக் காட்டினார். ரயில் அசைந்தது.

நடுப்பெட்டியின் வாசலில், ஒரு கை கம்பியிலும் ஒரு கை பையிலுமாக ஏறிக்கொண்டிருந்த மனுசி ரயிலுக்குக் கீழே போய்விட்டாள். மஞ்சள் சாறி கட்டியிருந்தாள்.

விசாரணை நடந்தது. அந்த வளைவில் கார்ட் ஜன்னலுக்கு நடுப்பெட்டியின் வாசல் தெரியாது, அவர் மேல் பிழையில்லை என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார்கள். கடிதம் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. வேறு யாராவது என்றால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

இவர் தூங்கவில்லை. மூன்று மாதம் லீவு போட்டார். கயிற்றைக் கொண்டுபோய் அந்த வளைவை அளந்து வந்து, ஹோலின் சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் கீறினார். அந்தக் கோட்டின் மேல்தான் பெட்டிகள் நின்றன.

வேலை முடிகிறவரைக்கும் கார்ட் ஜன்னலில் கண் வைக்கமாட்டேன் என்று ஒரு பிடிவாதம். வைத்தால் கை தன்பாட்டில் அளவைச் சரிக்கட்டிவிடுமாம்.

இன்று காலை கடைசிப் பூச்சும் காய்ந்தது. சற்று முன்னர்தான் தீக்குச்சியில் ஓர் உருவம் செய்து, ஸாலிஹா கிழித்துக் கொடுத்த மஞ்சள் துண்டை அதற்குச் சுற்றி, ஒரு சொட்டுப் பசை வைத்து நடுப்பெட்டியின் வாசலில் நிறுத்தினார்.

"தொழுதிட்டு வந்து பாக்கிறன். தெரியேல்லயெண்டா நாளைக்கு டியூட்டிக்குப் போறன். தெரிஞ்சுதெண்டா அந்த மனுசிட வீட்டுக்குப் போறன்" என்றார்.

போய் என்ன சொல்வீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயம். அந்த மனுசிக்கு வளர்ந்த ஆண்பிள்ளைகள் மூன்று பேர் என்று மரண அறிவித்தலில் பார்த்திருந்தாள்.

கார்ட் ஜன்னல் அவளுடைய பெருவிரல் அகலம்தான் இருந்தது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணை அதில் வைத்தாள்.

அடுத்த பெட்டி வளைந்து போனது. அதற்கு அப்பால், கைப்பிடிக் கம்பியை ஒட்டிக்கொண்டு, மஞ்சள்.

தலையைச் சரித்துப் பார்த்தாள். அப்போதும் மஞ்சள். சந்தேகப்பட இடமே இல்லை.

கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்று, அவர் அறைக்குள் போய்த் தொழுகைப் பாயை விரிப்பது கேட்டது.

வாசல்கள் சுவர்ப் பக்கம் பார்த்திருந்தன. உள்ளே வருகிற ஆளுக்கு அவை தெரியாது. அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி, அந்த உருவத்தைப் பிடுங்கி எடுத்தாள். அவர் பார்த்து முடித்து எழும்பியதும் திருப்பி வைத்துவிடலாம்.

தொழுது முடித்து, தொப்பியைக் கழற்றாமலே வந்தார் ஸஜ்ஜாத். அவளைப் பார்க்கவில்லை. முழங்காலில் உட்கார்ந்து, மூன்று மாதமாகத் தள்ளி வைத்திருந்த அந்த ஜன்னலில் கண்ணை வைத்தார்.

நேரம் போனது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. ஸாலிஹா மெல்ல மூச்சை விட்டாள்.

"தெரியுது" என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை. நடுப்பெட்டியின் வாசலை எட்டிப் பார்த்தாள். வெறும் வாசல். படியில் பசை காயாமல் மினுங்கியது.

"மஞ்சள் சாறி. கம்பியைப் பிடிச்ச கையும் தெரியுது, ஸாலிஹா. அண்டைக்கும் இப்பிடித்தான் தெரிஞ்சது." கண்ணை எடுக்காமலே சொன்னார்.

அவளுடைய மூடிய வலக்கைக்குள் தீக்குச்சி குத்தியது. விரித்துக் காட்ட அவளால் ஏலவில்லை. காட்டி இனி என்ன ஆகப்போகிறது?

அவர் எழும்பினார். நாளைக்கென்று அவள் இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சீருடையை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சாதாரணச் சேட்டு ஒன்று எடுத்துத் தரச் சொன்னார்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவருக்கு எதையும் இடக்கையால் கொடுத்தறியாதவள், அந்தச் சேட்டை இடக்கையால் நீட்டினாள். அவர் அதைக் கவனிக்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.