மோதிரத்தின் எடை

திருமணத்துக்கு வெள்ளி மோதிரமே போதும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என நினைத்துக்கொண்டாள் ஸ்மாரந்தா. நாட்டு மக்கள் வாங்கும் பொருள்களுக்காக எங்கெங்கே எவ்வளவு மண்ணும் கல்லும் தோண்டப்படுகின்றன என்று கணக்கிடுவது தலைநகர் புக்காரெஸ்டில் அவள் வேலை. ஒரு தங்க மோதிரத்துக்குப் பல டன்.

ஈஸ்டர் ரொட்டிக்கு மாவு பிசைவதற்காக மோதிரத்தைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தாள். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. மோதிரத்தைச் சுற்றி ஈரச் செம்மண் கசிந்தது. அம்மாவைப் புதைத்த மேட்டின் மண். அண்ணனைக் கேட்காமல் அந்த மேட்டைத் தங்கச் சுரங்கத்துக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டவள் ஸ்மாரந்தாதான்.

கணவன் டோரு இரண்டு விரலால் மோதிரத்தை எடுத்தான். முள் பூஜ்யத்துக்கு வந்தது.

“தராசுக்கும் உன் ஆபீஸ் வியாதி ஒட்டிக்கிச்சா? கையைக் கொடுடி, போட்டுவிடறேன். உங்கண்ணன் வாசல்ல நிக்கிறாரு.”

ஸ்மாரந்தா இரண்டு கைகளையும் மாவுக்குள் ஆழ அமிழ்த்தினாள்.