மஞ்சளில் வந்த வரி

“அண்ணா, அவர் எழுதுறது மட்டும் மஞ்சளா தெரியணும். இன்னிக்கே பண்ணிக் குடு” என்றாள் தரணி. கைப்பையைக்கூட அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

சாய்குமார் நாற்காலியை விட்டு எழுந்தான். “இப்ப என்னாத்துக்கும்மா கலரு?”

“கீழ நைனா வந்து உக்காந்துக்கினு இருக்காரு. நாளைக்குக் காரியம் பண்ணணுமாம். என்னை நகரி வீட்டுக்கு இட்டுக்கினு போக வந்திருக்காரு. ஒடம்பே கெடைக்காம என்னாண்ணா காரியம்? எங்கனா ஒரு எடத்துல அவர் ‘வரேன்’னு எழுதியிருந்தா போதும். நான் போ மாட்டேன்.”

‘அவர்’ என்றது அவள் புருஷன் தேவேந்திரனை; நைனா அவளைப் பெற்ற அப்பா. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் மூன்று பேரும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அதிலும் சாய்குமார் அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அமெரிக்கா, அமெரிக்கா என்று பறந்த காலம் அது. தேவேந்திரனையும் கம்பெனி அனுப்பி வைத்தது. போன இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியில் படகு விடப் போனான். படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. சித்தூர் மாம்பழக் கூழ் வியாபாரி ஒருவருக்காக இவர்கள் எழுதும் புரோகிராம் சாயந்திரம் இங்கிருந்து அமெரிக்கா போகும், அங்கே கம்பெனி ஆட்கள் சரிபார்த்ததும் காலையில் திரும்பி வரும். ஒரு நாள் காலை அதன் நடுவில், தேவேந்திரன் பெயரில் ஒரு வரி இருந்தது: ‘துன்னியா?’ மறுநாள் இன்னொன்று: ‘வெயில்ல சுத்தாத.’ எல்லாம் தெலுங்கு எழுத்தில் எழுதிய தமிழ். எல்லை ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேருமே அப்படித்தான். வீட்டில் பேசியது தமிழ், பள்ளிக்கூடத்தில் எழுதப் படித்தது தெலுங்கு.

மேனேஜர் சிட்டிபாபு அசல் தெலுங்குக்காரர். எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு, “ஏமய்யா இதி, மந்திரமா?” என்று முழித்தார். அமெரிக்காவில் இருந்தவர்களுக்கோ எழுத்தும் தெரியாது, பாஷையும் தெரியாது. மெஷின் படிக்காத கமெண்ட்தானே, புரோகிராம் ஓடுகிறதல்லவா, விட்டுத் தள்ளு என்று சிட்டிபாபு போய்விட்டார்.

தரணியால் விட முடியுமா? புருஷன் காணாமல் போன சேதி வந்த நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தவள் அவள். அந்த ‘துன்னியா?’வைப் பார்த்த பிறகுதான் சோற்றில் கையே வைத்தாள்.

“கமெண்டு எல்லாம் சாம்பல் கலர்ல கெடக்குதுண்ணா, கண்ணுக்கே ஆப்புடல. வெப் பக்கத்துக்கு ஒரு கலர், அதுக்குள்ள வர்ற டேட்டாபேஸ் கேள்விக்கு ஒரு கலர், ஜாவா ஸ்கிரிப்டுக்கு ஒரு கலர்னு எல்லா கம்ப்யூட்டர் பாஷைக்கும் நாம எழுதுற எடிட்டர்ல நீதானே வெச்சிக் குடுத்தே? அவர் பாஷைக்கும் ஒண்ணு வெச்சா கொறைஞ்சா பூடுவே?”

“தரணிம்மா... எவனாச்சும் வெளையாடுறானோ என்னமோ. நைனா சொல்றதைக் கொஞ்சம் கேட்டா...”

“வாயைக் கழுவுண்ணா!” அவள் கண் கலங்கிவிட்டது. “நீயுமா?”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தெலுங்கு எழுத்து எந்தப் பாஷைக்கு நடுவில் வந்தாலும் சரி, எத்தனை ஆழத்தில் இருந்தாலும் சரி, அதைத் தனிப் பாஷையாக எடுத்துக்கொள், மஞ்சளில் காட்டு என்று எடிட்டருக்கு ஒரு விதி எழுத வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் தப்பும் தவறுமாக அடித்ததையே திரும்ப அடித்தான். கீழே திருமலை பஸ்காரன் ஆள் கூப்பிடுவது எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது.

விதியைச் சேமித்ததும் திரையில் மஞ்சள் மஞ்சளாக எழும்பி வந்தது. ‘துன்னியா?’ ‘வெயில்ல சுத்தாத.’ ‘அழாத.’ தரணி ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ‘வரேன்’ மட்டும் எங்கேயும் இல்லை. அவள் விடுவதாக இல்லை. பக்கம் பக்கமாகத் திறந்துகொண்டே போனாள்.

“வாணாம்மா. அதெல்லாம் பழைய பக்கம், யாரும் தொறக்கிறதே இல்ல.”

“இருண்ணா. இதோ! டேட்டாபேஸ் கேள்விக்கு நடுவுல மஞ்சளா ஒண்ணு. இது நாம பார்க்காதது!”

சாய்குமார் பாய்ந்து வந்து முதலில் தேதியைப் பார்த்தான். தேவேந்திரன் விமானம் ஏறியதற்கு முந்தின நாள், அவனே சேமித்த பக்கம். அதற்குப் பிறகு ஒரு கையும் அதில் படவில்லை. அப்பாடா! சாய்குமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பழசும்மா. ஊருக்குப் போறதுக்கு முந்தியே எழுதி வெச்சது. ஏதோ வேலை விஷயமா இருக்கும், விடு.”

அவள் விடவில்லை. திரையோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தாள்.

“‘சாய், இத்தினி நாளா என் பேர்ல நீ எழுதினது போதும்டா. நான் ஏரிக்குள்ளதான் இருக்கேன். அவளை நைனாவோட அனுப்பு.’”