பிணத்தின் குதிகால்

அந்தத் துப்பறியும் தொடரில் இந்த வாரம் கொலையாகிறவள் ராணுவத்தில் இருந்த ஒரு திருநங்கை. பிணமாகப் படுக்க சுகிர்தா என்ற திருநங்கையை அழைத்து வந்திருந்தார்கள். வசனம் கிடையாது. சுகிர்தா நிஜமாகவே பதினோரு வருடம் பட்டாளத்தில் இருந்தவள். புடவை கட்டிய போட்டோ ஒன்று அதிகாரி கைக்குப் போனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இது அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவுமில்லை.

சீருடை மாட்டி, வெறுங்காலோடு மேஜையில் கிடத்தினார்கள். கர்னல் வேஷக்காரர் உள்ளே வந்து, சுற்றி நின்ற சிப்பாய்களைப் பார்த்து "சாவ்தான்!" என்று இந்தியில் அட்டென்ஷன் குரல் கொடுத்தார். சிப்பாய்கள் ஆளுக்கொரு நேரத்தில் நிமிர்ந்தார்கள். பிணத்தின் குதிகால்கள் சட்டென்று ஒட்டிக்கொண்டன.

"கட்! ஏம்மா, செத்தவ காலை ஆட்டுவாளா?" என்றார் இயக்குநர்.

"மன்னிச்சுக்குங்க சார். தானா வந்துருது."

மூன்று முறை எடுத்தும் அதேதான். கடைசியில் மேக்கப்காரர் வெள்ளைத் துணியைக் கிழித்து, எழவு வீட்டில் செய்வதுபோல அவளுடைய கால் பெருவிரல்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

"இப்ப எடுங்க சார். அசையாது."

"சாவ்தான்!"

கால்கள் அசையவில்லை. பக்கத்தில் கிடந்த கைகள் மட்டும் மெல்ல மூடிக்கொண்டன. கட்டைவிரல்கள் கால்சட்டைத் தையலோடு நேராகப் படிந்தன.

பிணத்தைக் காட்டி, "இதெல்லாம் ஒரு சோல்ஜரா?" என்று கர்னல் வேஷக்காரர் இப்போது கேட்க வேண்டும். அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.