கரைந்த துத்தநாகம்

"எலி கொறிச்ச மாதிரி ஆயிடுச்சே! இதுக்குத்தான் வேலை மெனக்கெட்டு மாட்டினியா?"

கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த இரும்புப் படகின் அடியில் குனிந்தபடி கத்தினான் படகுக்காரன். போன வருஷம் அவன் மனைவி போல்ட் போட்டு முடுக்கிய துத்தநாகக் கட்டிகள் பாதிக்கு மேல் கரைந்துபோயிருந்தன.

"கரையட்டும்னுதாங்க மாட்டினேன்," என்றாள் அவள். வேதியியல் படித்தவள். "உலோகத்துல சோடியம், பொட்டாசியமெல்லாம் தண்ணி பட்டாலே துள்ளும். தங்கம் அசையவே அசையாது. இரும்பு நடுவுல. துத்தநாகம் அதுக்கு ஒரு படி மேல. உப்புத் தண்ணி முதல்ல இதைத்தான் அரிக்கும், இரும்பை விட்டுடும்."

"உன் பாடமெல்லாம் கடலுக்குத் தெரியுமா? பக்கத்துப் படகைப் பாரு, கட்டி பளபளன்னு இருக்கு! இன்னிக்கு லைசென்ஸ் கிடைக்கலைன்னா நம்ம பொழப்பு அவ்வளவுதான்."

லைசென்ஸ் தரும் ஆய்வாளர் வந்தார். கூட்டமும் கூடியது. பக்கத்துப் படகைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். தகடு பொத்தென்று உள்ளே போனது.

"அதுக்கே இந்தக் கதியா!" என்று முனகினான் கணவன்.

அடுத்து இவர்கள் படகு. கரைந்த கட்டியைத் தடவிப் பார்த்தவர் வெடுக்கென்று நிமிர்ந்தார்.

"இதை மாட்டினது யாரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான். "நான்தான் சார்!"

அவளுக்குச் சுருக்கென்றது.

ஆய்வாளர் படகைத் தட்டிக்கொண்டே நடந்தார். கணீர், கணீர்! மருந்துக்குக்கூடத் துரு இல்லை.

"பலே! அந்தப் படகுல கட்டி மேலயே பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்க. அப்புறம் அது எப்படிக் கரையும்? கடல் இரும்பைத் தின்னுடுச்சு. இதுல கட்டி கரைஞ்சு படகு பொழச்சிருக்கு. உங்களுக்கு லைசென்ஸ் உண்டு. இனிமே இங்க இருக்கற எல்லாப் படகுக்கும் கட்டி மாட்டற வேலையும் உங்களுக்குத்தான்!"

கூட்டம் கைதட்டியது. ஜெயித்தும் அவளுக்குச் சந்தோஷமில்லை. 'காலையிலேர்ந்து என்னைக் கரிச்சுக் கொட்டிட்டு, பேரை மட்டும் தட்டிக்கிட்டுப் போறாரே!' முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கணவன் திருதிருவென்று விழித்தான். பிறகு அசடு வழியச் சொன்னான்:

"மன்னிச்சிடுங்க சார். நீங்க கேட்ட வேகத்துல, இத்தனை பேர் நடுவுல அவளைத் திட்டப் போறீங்கன்னு நினைச்சுத்தான் நான்னு சொன்னேன்... மாட்டினது இவதான்!"