வத்தலக்குண்டு பாஸ்கருக்கு ஓர் அழைப்பிதழ்

திண்டுக்கல் சுடரொளி டிவியின் பழைய நாடாக்கள் மொத்தம் 4,312 மணி நேரம் ஓடக்கூடியவை. நிலையத்தின் முப்பதாண்டு வரலாற்றை எழுத அமர்த்திய இயந்திரம் அத்தனையையும் ஒரே காலையில் கேட்டு முடித்தது. நேயர் விருப்பத்துக்குப் போன் செய்தவர்களைக் குரலை வைத்தே கண்டுபிடித்து, விழாவுக்கு அழைப்பிதழும் அனுப்பிவிட்டது.

அவற்றில் நாற்பத்தாறு, அந்த நிகழ்ச்சியை நடத்திய குணவதியின் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. ஊரெல்லாம் தனக்கு ரசிகர்கள் என்று முப்பது வருடமாகக் கணவர் நல்லதம்பியிடம் அளந்தவள் அவள்.

நல்லதம்பி ஒரு கவரைப் பிரித்தார். “வத்தலக்குண்டு பாஸ்கர்! வெள்ளிக்கிழமை தவறாம ‘உங்க சிரிப்புக்காகவே பாக்குறேன்’னு வழிவானே, அவன்தானே? அவனோடது இங்க எதுக்கு வருது?”

“மிஷினுக்கு என்னங்க தெரியும்?”

“குரலுக்கு உரிய ஆளு இருக்கற வீட்டுக்குத்தான் வருமாம். உங்கப்பா பேரும் பாஸ்கர்தானே, அத மூத்தவனுக்கு வைக்க வேணாம்னு நான் ஒத்தக்கால்ல நின்னதே இந்தப் பயலாலதான். விழாவுல அவன் சட்டையப் பிடிக்காம விடமாட்டேன்.”

குணவதி கவர்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏங்க, ஸ்டுடியோ போனுக்குக் கனெக்‌ஷனே கிடையாது. கர்ச்சீப்ப வாயில வச்சுக்கிட்டு முன்னாடியே பேசிப் பதிஞ்சுடுவேன். பாஸ்கர் நான்தான்.”