மறதிப் பயிற்சி

கோடை விடுமுறையில் அறிவியல் ஆசிரியர்களுக்கு மலைமேல் நடக்கும் பயிற்சியில் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தை மறக்கடித்து அனுப்புவார்கள். ஜூன் மாதம் பிள்ளைகளோடு சேர்ந்து அதை வியந்து வியந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

பயிற்சி முடிந்த மாலையில் இயற்பியல் டீச்சர் அமலோற்பவம் பள்ளத்தாக்கின் ஓரமாக நின்றாள். கீழே பனிமூட்டம் பஞ்சுபோல் மிதந்தது. கணவர் இறந்து ஒரு வருடமாகியும் பழக்கம் போகவில்லை. வாய் தானாகக் கூப்பிட்டது.

"என்னங்க!"

"என்னங்க!" என்றது எதிர்மலை. கனத்த, நனைந்த குரல்.

அவர் குரலேதான். "சாப்டீங்களா?"

"சாப்டீங்களா?"

அவர் எப்போதும் அப்படித்தான், கேட்டதையே திருப்பிக் கேட்பார். "சாப்டேன்!" என்றாள்.

"சாப்டேன்!"

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

பின்னாலிருந்து பயிற்சியாளர் சிரித்தார். "எதிரொலிதான் டீச்சர் உங்க பாடம். மலை ஏன் திருப்பிச் சொல்லுதுன்னு ஜூன்ல பசங்களோட சேர்ந்து கண்டுபிடிச்சிருவீங்க."

அமலோற்பவம் பனியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதைக் கடைசிப் பாடமா வச்சுக்கலாமா சார்?"